மஞ்சள் கரைசலும் 2.96 என்ற எண்ணும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், விக்டோரியா தெருச் சந்தையில் மஞ்சள்தூள் வாங்கி, எத்தனாலில் கரைத்து, அதற்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளின் அளவைக் காண்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் புதியவர்களுக்குத் தரும் முதல் வேலை. சென்ற வாரம் ஒரு மாணவி அடர்மஞ்சள் கரைசலை அப்படியே ஒளிமானியில் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது, அதாவது அதன் உறிஞ்சளவு என்ன என்று காட்டும் கருவி) வைத்துவிட்டு, "அண்ணா, 2.9 வந்துவிட்டது!" என்று மகிழ்ந்தார். எனக்குப் பழைய அவமானம் நினைவுக்கு வந்தது. கியூவெட்டில் (கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு குப்பி) கைரேகை, குமிழி போன்ற தவறுகளைப் புதியவர்கள் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். கீழே சொல்லும் தவறுகள் அப்படியல்ல.

நீர்க்காமல் அளப்பது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மசாலா வியாபாரி ஒருவர் இரண்டு மாதிரிகள் கொண்டுவந்தார். கருவி 2.96, 3.00 என்று காட்டியது. "இரண்டும் ஒன்றுதான் ஐயா" என்றேன். மலிவானதையே மூட்டை மூட்டையாக வாங்கிவிட்டார். வாடிக்கையாளர்கள் நிறம் போதவில்லை என்றதும் திரும்பி வந்தார். பத்து மடங்கு நீர்த்து அளந்தேன்: 0.40, 0.60. "தம்பி, படித்தது நீயா, உன் மெஷினா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். குர்குமினில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி நீள்வதால், எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவக் குறைந்த ஆற்றலே போதும். ஏறத்தாழ 425 நானோமீட்டர் ஒளியை அது விழுங்குகிறது. மிச்ச ஒளிதான் நமக்கு மஞ்சள். உறிஞ்சளவு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி மறுபுறம் வரும். 2 என்றால் நூற்றில் ஒன்று. 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. கரைசலைக் கடக்காமல் கருவிக்குள் அலையும் சிதறொளியே ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால், உண்மையில் 4 ஆக இருப்பது 2.96 என்றும், 6 ஆக இருப்பது 3.00 என்றும்தான் தெரியும். ஒன்றரை மடங்கு வேறுபாடு கண்ணெதிரே காணாமல் போகிறது. கருவியோ எச்சரிக்காமல் இரண்டு தசமம் வரை அச்சடித்துத் தருகிறது. அதுதான் இன்றும் எரிச்சல். உறிஞ்சளவு 0.2 முதல் 0.8 வரை வரும்படி நீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே அலைநீளத்தை நம்புவது

கலப்படத்துக்குச் சேர்க்கும் மெட்டானில் மஞ்சள் சாயமும் ஊதா நீலப் பகுதியில்தான் உறிஞ்சும். ஒரே அலைநீளத்து எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஒவ்வொரு அலைநீளத்திலும் அளந்து முழு நிறமாலையையும் வரையுங்கள்.

தண்ணீரை ஒப்புக்கரைசலாக வைப்பது

ஒப்புக்கரைசல் என்பது கருவியைச் சுழியத்தில் நிறுத்த வைப்பது. மாதிரி எத்தனாலில் என்றால் ஒப்புக்கரைசலும் எத்தனாலே.

சாதாரணக் கண்ணாடிக் கியூவெட்

340 நானோமீட்டருக்குக் கீழே கண்ணாடியே ஒளியை விழுங்கும். அங்கே குவார்ட்ஸ் கியூவெட்தான்.

அசிட்டோன்

மாதிரியைக் கரைக்க அசிட்டோன் எடுத்தால், 330 நானோமீட்டருக்குக் கீழே அளக்க வேண்டாம். மாதிரிக்கு முன் அதுவே ஒளியைக் குடித்துவிடும்.