உதிர்ந்துபோன கடலை பாரும் வெல்லப் பாகின் பதமும்

பள்ளி இடைவேளைக்காக வேர்க்கடலை, எள், ஓட்ஸ் சேர்த்து நான் செய்த பார்கள் முதல் இரண்டு முறையும் மகளின் டிபன் பாக்ஸிலேயே உதிர்ந்து பொடியாயின. மூன்றாம் முறை பாகைக் கூடுதலாகக் காய்ச்சியதால் கடிக்க முடியாதபடி இறுகிவிட்டன. தண்ணீரில் விட்ட பாகு உறைந்து, தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்கும் பதம் கடலை மிட்டாய்க்கு உரியது. மென்மையான பாருக்கு அது ஆகாது என்பது பிறகுதான் புரிந்தது.

இப்போது முக்கால் கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சிறு தீயில் காய்ச்சி, குளிர்ந்த நீரில் விட்ட சொட்டு விரலில் மெத்தென்று உருண்டதும் அடுப்பை அணைக்கிறேன். உதிராமல் பிடித்துவைப்பது, அதில் கலக்கும் 8 பேரீச்சம்பழ விழுதுதான். பிறகு, வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த கடலை 1 கப், ஓட்ஸ் 1 கப், எள் கால் கப். ஓட்ஸையும் வறுத்தே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை வாடை போகாது. சிறு குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், என் மகனுக்கு மட்டும் நைசாகவே பொடிக்கிறேன்.

நெய் தடவிய தட்டில் கொட்டி, டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்தி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டு, நன்றாக ஆறிய பின்னரே துண்டுகளை எடுக்கிறேன். வெல்லமும் இனிப்புதான் என்பதால் நாளுக்கு ஒரு துண்டு மட்டுமே தருகிறேன். மகள் இரண்டு கேட்கிறாள்.