அடித்தண்டிலிருந்து தொடங்குங்கள்: மழைக்காட்டில் காளானையும் பூவையும் இனங்காணுதல்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இத்தகைய மிதவெப்ப மழைக்காடுகளில் பூக்களைத் தேட வசந்தமும் கோடையும், காளான்களைத் தேட இலையுதிர்காலத்தின் முதல் மழைகளுக்குப் பிந்தைய வாரங்களும் ஏற்றவை. எதைப் பறிக்க அனுமதி உண்டு என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காளானைக் கண்டதும் கை வைக்காமல், அது முளைத்திருக்கும் இடத்தோடு சேர்த்துப் படமெடுத்து, அருகிலுள்ள மரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்; பல காளான்கள் குறிப்பிட்ட மரங்களின் வேர்களோடு பிணைந்து வாழ்கின்றன. பிறகு தண்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கத்தியை மண்ணில் இறக்கி, அடிப்பகுதி முழுவதையும் கிளப்பி எடுங்கள். புதியவர்கள் தண்டை நடுவில் ஒடித்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பசிபிக் கரையோரத்தில் பரவியுள்ள, உயிரைப் பறிக்கும் நச்சுக் காளானான டெத் கேப்புக்குத் தண்டின் அடியில், கிழிந்த முட்டைத்தோல் போன்ற வெள்ளை உறை உண்டு; ஒடித்து எடுத்தால் அந்த அடையாளம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. வாந்தி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் ஈரல் பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆகவே, நேரில் சோதித்த வல்லுநர் உறுதி கூறாத எதையும், செயலி என்ன பெயர் காட்டினாலும், உண்ணாதீர்கள்.

அடுத்து குடையைத் திருப்பிப் பாருங்கள். பலர் உணவுக்காகத் தேடும் சாண்டெரெல் காளானில், குடையின் அடியில் கத்தி அலகு போன்ற தனித்தனித் தகடுகள் (செவுள்கள்) இருப்பதில்லை. சதையோடு ஒட்டிய மழுங்கிய மடிப்புகள் கிளைத்துத் தண்டின் மேல் இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தாளில் படிந்திருக்கும் வித்துத்தூளின் நிறம், குடையின் நிறத்தைவிட நம்பகமான சான்று.

பூக்களில் இதழ்களை எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். ட்ரில்லியத்துக்கு இலை மூன்று, இதழும் மூன்று. வெள்ளை இதழ்கள் நாளடைவில் இளஞ்சிவப்பாகும். விதையிலிருந்து பூக்க அதற்குப் பல ஆண்டுகள் ஆவதால் பறிக்க வேண்டாம். பச்சையமே இல்லாத, மெழுகு வெண்மையான கோஸ்ட் பைப், பார்ப்பதற்குக் காளான் போலத் தெரிந்தாலும் பூக்கும் தாவரம்தான். மரவேரோடு பிணைந்த ரஸ்ஸுலா வகைப் பூஞ்சைகளிடமிருந்து அது உணவு பெறுகிறது. அதைக் கண்ட இடத்தைக் குறித்துவைத்து, மழை தொடங்கியதும் அங்கேயே ரஸ்ஸுலா காளான்களைத் தேடுங்கள்.