கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தாச்சா? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இதைப் பாருங்கள்

1972 ஷெவர்லே சி10 மாதிரிப் பழைய பிக்கப்பின் 350 வி8 எஞ்சினுக்கு த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் (கார்புரேட்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் கிட்) மாட்டியாயிற்றா? உடனே செல்ஃப் அடிக்காதீர்கள்.

கார்புரேட்டருக்கு பெட்ரோல் அழுத்தம் 5, 6 பிஎஸ்ஐ போதும். இன்றைய கிட்கள் பலவற்றுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். கிட்டத்தட்ட பத்து மடங்கு! பழைய ரப்பர் ஹோஸை நம்பவே நம்பாதீர்கள். இன்ஜெக்ஷனுக்கென்று வரும் ஹோஸும் கிளாம்பும்தான் போட வேண்டும்.

முதலில் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பெட்ரோல் பம்ப் சில விநாடி விர்ரென்று ஓடி நிற்கும். அணைத்துவிட்டு மூன்று நான்கு முறை இதையே செய்யுங்கள். பிறகு டார்ச் அடித்து, பெட்ரோல் லைனின் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் பேப்பர் டவலால் ஒற்றிப் பாருங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செல்ஃப் சுற்றியும் பற்றவில்லையா? கிட்டின் திரையில் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) பூஜ்யமாகவே நின்றால், இக்னிஷன் காயிலிலிருந்தோ டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தோ வரும் சிக்னல் ஒயரைப் பாருங்கள். எஞ்சின் சுற்றுவது தெரியாமல் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடாது. அந்த ஒயரை ஸ்பார்க் பிளக் ஒயர்களோடு சேர்த்துக் கட்டவே கூடாது, சிக்னல் குழம்பிவிடும்.

பற்றிக்கொண்டதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், நன்றாகச் சூடேறும்வரை ஐடிலிங்கில் ஓடவிடுங்கள்.