குமிழி வேகம் அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

1.5 மி.மீ. விட்டமுள்ள காற்றுக் குமிழி மிகத் தூய நீரில் நொடிக்குச் சுமார் 35 செ.மீ. வேகத்தில் ஏறும். சோப்பில் இருப்பது போன்ற பரப்புச்செயலி போதிய அளவு கலந்தால் அது 15 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். 'பரப்பு இழுவிசை குறைந்தது, அதனால் வேகமும் குறைந்தது' என்று ஆய்வக நோட்டில் எழுதுகிறார்களே, முதல் தவறு அதுதான். இழுவிசைமானி 72 மில்லிநியூட்டன்/மீட்டரில் அசையாமல் நிற்கும்போதே குமிழியின் வேகம் பாதியை நோக்கி விழுந்திருக்கலாம்.

காரணம் இழுவிசையின் அளவல்ல, குமிழியின் தலைக்கும் அடிக்கும் இடையே அதில் வரும் வித்தியாசம். குமிழி ஏறும்போது எதிர்ப்படும் நீர், பரப்பில் ஒட்டிய மூலக்கூறுகளை அடிப்பக்கம் தள்ளிச் சேர்க்கிறது. அடியில் இழுவிசை குறைவு, தலையில் அதிகம். ஆகவே பரப்பு மேல்நோக்கி இழுக்கப்பட்டு, நழுவி ஓடாமல் இறுகுகிறது. அடிப்பக்கம் தொப்பி போட்டதுபோல் உறைந்துவிட, குமிழி ஒரு திண்ம உருண்டை படும் இழுவையை, அதாவது நீரின் எதிர்ப்பை, படத் தொடங்குகிறது.

இதற்கு மிக நுண்ணிய அளவு பரப்புச்செயலியே போதும் என்பதால்தான் 'சுத்தமான' நீரை நம்பக் கூடாது. குழாய்நீர் ஒத்துவராது. டிடர்ஜென்டில் கழுவிய கண்ணாடி, சிலிகான் கிரீஸ் தடவிய மூட்டு, ரப்பர் குழாய் எல்லாமே மாசு விடும். மூடிய பாட்டிலில் நீரைக் குலுக்கிப் பாருங்கள்: மேலே வரும் குமிழிகள் ஒரு நொடிகூடத் தங்காமல் உடைய வேண்டும். பிறகு வெறும் நீரில் 1.5 மி.மீ. குமிழியை விட்டு வேகத்தை அளந்து பாருங்கள். 25 செ.மீ. வந்தால் பரப்புச்செயலி டப்பாவைத் திறக்கவே வேண்டாம். முதலில் கழுவும் வேலையை முடியுங்கள்.

குமிழி வெளிவரும் நுண்புழை முனையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு அளவை எடுத்து 'முற்றுத்திசைவேகம்' (இனி மாறாமல் நிற்கும் வேகம்) என்று பெயரிடுவதும் சகஜம். செறிவு குறைவாக இருந்தால் குமிழி முதலில் தூய நீரில் போலவே சீறிப் பாயும். மூலக்கூறுகள் சேரச் சேரத்தான் தளரும். ஒரு மீட்டர் உயரக் குழாயில் 2, 10, 30, 60, 90 செ.மீ. என்று பல இடங்களில் அளந்து, வேகம் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குமிழிகளுக்கிடையே 10 நொடியாவது விடுங்கள், முந்தையது கிளப்பிய சுழல் அடங்கட்டும். முனையில் குமிழி வளரும் நேரமும் எல்லா ஓட்டத்திலும் ஒன்றாக இருக்கட்டும். மூலக்கூறுகள் அங்கேயே ஒட்டத் தொடங்கிவிடுகின்றன.

செறிவைக் கூட்டும்போது முனையை மாற்றாமல் விடுவது இன்னொரு கண்ணி. 0.1 மி.மீ. உள்விட்ட நுண்புழை தூய நீரில் ஏறத்தாழ 1.6 மி.மீ. குமிழி தரும். இழுவிசை பாதியானால் அதே நுண்புழை தருவது 1.3 மி.மீ. வேக மாற்றத்தில் எவ்வளவு பரப்பால், எவ்வளவு குமிழியின் அளவால் என்று பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு செறிவிலும் விட்டத்தைப் படத்திலிருந்து அளந்தே ஆக வேண்டும்.

சோடியம் டோடெசில் சல்பேட் என்ற பரப்புச்செயலியைப் பயன்படுத்துவோருக்கு: லிட்டருக்கு 2.88 கிராம் என்றால் 10 மில்லிமோலார். அதில் 1 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 0.01 மில்லிமோலார். பழைய கரைசலை எடுக்காதீர்கள். அது நீராற்பகுப்பில் டோடெகனால் தரும். டோடெகனாலோ மூலப்பொருளைவிட வலுவாகப் பரப்பில் ஒட்டும். நீங்கள் அளப்பது மாசின் விளைவாகிவிடும்.

மெதுவாக நகரும் சிறு உருண்டையின் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் சூத்திரத்தை இந்த 1.5 மி.மீ. குமிழிக்குப் போடுவோரும் உண்டு. விடை நொடிக்கு 1.2 மீட்டர் என்று வரும். அப்போதே சந்தேகம் வர வேண்டும். நீரில் அந்தச் சூத்திரம் பொருந்துவது 0.1 மி.மீ. விட்டம் வரைக்கும்தான். அந்த அளவில் இறுகிய பரப்புக்கு 5.5 மி.மீ./நொடி, நழுவும் பரப்புக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு, 8.2.

கேமரா ஒன்றுதான் இருக்கிறதென்றால் செங்குத்து வேகத்தை மட்டும் எழுதுங்கள். குமிழி வளைந்து வளைந்து ஏறினால், கேமராவை நோக்கி வந்து போகும் அசைவு படத்தில் தெரியாது.