திருகின் தலை தேயாமல் மிக்ஸியைக் கழற்ற

மிக்ஸியின் அடித்தட்டைக் கழற்றும்போது திருகின் தலை தேய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரே காரணம். கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள அத்திருகுகளில் பலவற்றுக்கு 2ஆம் எண் பிலிப்ஸ் முனை சரியாக அமரும். கைக்குக் கிடைத்த சிறிய முனையை நுழைத்தால், அது பள்ளத்தின் சுவர்களை முழுமையாகப் பற்றாமல் வழுக்கி விளிம்பை மழித்துவிடும். பொருத்திய முனையை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது உரிய முனையன்று.

பிளக்கைப் பிடுங்கிய பிறகு, வழிந்து காய்ந்த மாவும் சட்னியும் பள்ளத்தில் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஊசியால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். துரு தெரிந்தால் துரு நீக்கும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுத்திருங்கள். திருப்பும் விசையைவிட உள்ளங்கையால் அழுத்தும் விசை கூடுதலாக இருக்கட்டும்.

மீண்டும் பூட்டும்போதுதான் மிகுந்த கவனம் தேவை என்பேன். தேய்ந்த திருகை மாற்றிவிடலாம், பிளாஸ்டிக்கில் மரை போய்விட்டால் பழைய இறுக்கம் எளிதில் திரும்பாது. முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று திருகு சற்றே இறங்குமிடம் பழைய மரையின் தொடக்கம் என்பதால், அங்கிருந்து வலப்புறமாகக் கையாலேயே முறுக்கி, இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.