ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வீட்டிலேயே வாசிப்பது எப்படி?

பெங்களூரில் அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். மருத்துவர் பேசுவது கன்னடம் அல்லது ஆங்கிலம், ரிப்போர்ட் வருவது ஆங்கிலத்தில். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகளான நாம்தான். என் அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் படிந்த வரிசை இது. நோய் என்ன என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. அவரிடம் தெளிவான கேள்வியோடு போக இது உதவும்.

படி 1: பெயர், வயது, ரத்தம் எடுத்த நேரம், வெறும் வயிறா சாப்பிட்ட பிறகா என்பதைச் சரிபாருங்கள்.

படி 2: எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக. தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு லேப் 1.6 என்று போட்டுப் பக்கத்தில் லட்சம் என்கிறது. இன்னொன்று 160 என்று போட்டு ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. வேறொன்று 1,60,000 என்று முழுதாகவே அச்சிடுகிறது. மூன்றும் ஒன்றுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருப்பது வழக்கமான அளவு. லேப் மாறும்போது அலகும் மாறினால் வீட்டில் வீண் பதற்றம்.

மழைக்காலம் வந்து பெங்களூரில் டெங்கு பரவினால் எல்லாரும் தட்டணுவை மட்டும்தான் கேட்கிறார்கள். தயவுசெய்து பி.சி.வி. என்ற வரியையும் பாருங்கள். சில ரிப்போர்ட்டில் ஹீமடோகிரிட் என்று இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது அது. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். தட்டணு மளமளவென்று இறங்கி, பி.சி.வி. ஏறினால் அது அபாய அறிகுறி. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு இருந்தால் அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெள்ளணு வகைகளிலும் இதே அலகுச் சிக்கல் உண்டு. லிம்போசைட் 50 சதவீதம் என்று தடித்த எழுத்தில் இருக்கும். மொத்த வெள்ளணு 5,000 என்றால் லிம்போசைட் 2,500தான், பெரியவர்களுக்கு அது வழக்கமான எண்ணிக்கை. சதவீதத்தோடு நிறுத்தாமல் எண்ணிக்கையையும் பாருங்கள்.

படி 3: பக்கத்தில் இருக்கும் வரம்பு

ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எந்த அளவுக்குள் வருகிறார்களோ, பெரும்பாலும் அதைத்தான் வரம்பாக அச்சிடுகிறார்கள். ஆகவே நல்ல உடம்போடு இருப்பவருக்கும் இருபது வரிகளில் ஒன்று வெளியே போவது சாதாரணம். லேசாகத் தாண்டிய ஒரு எண்ணைவிட, போன வருஷத்திலிருந்து அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

படி 4: தலைகீழாக ஓடும் டி.எஸ்.எச்.

இது தைராய்டு சுரப்பதல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன். எழுந்திருக்காத பிள்ளையை அம்மா மேலும் மேலும் சத்தமாகக் கூப்பிடுவது மாதிரி, தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். ஏறும். அதிகமாகச் சுரந்தால் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்.

படி 5: கிரியாட்டினினைத் தனியாகப் படிக்காதீர்கள்

தசைகளிலிருந்து வரும் கழிவு இது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வாட்டசாட்டமான இளைஞருக்கு 1.2 சாதாரணமாக இருக்கலாம். ஒல்லியான எழுபது வயது பாட்டிக்கு அதே 1.2 கவனிக்க வேண்டிய எண். அதனால் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எப்.ஆர். வரியைத் தேடுங்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் சிறுநீரகப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், கருவிகள். செயலிகளைவிட எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம்தான் பிடிக்கும். தேதி, எண், அலகு, லேப், நான்கே கட்டம். முடிந்தவரை ஒரே லேபுக்குப் போங்கள், பி.டி.எப். கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் புகைப்படத்தில் புள்ளி தெரியாமல் 1.2, 12 ஆகிவிடும். சந்தேகத்துக்கு நான் நம்புவது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளம்.

பின்சேர்க்கை: முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடும் ஒரு வாசகி, டி.எஸ்.எச். திடீரென்று குறைந்துவிட்டதே என்று எழுதியிருந்தார். சில பரிசோதனை முறைகளில் பயோட்டின் குறுக்கிட்டு அப்படிக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன்பே லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு அளவு, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும் இது மட்டும் ஏன் ஏறுகிறது என்று இருவர் கேட்டார்கள். காரணங்கள் பல இருக்கலாம். சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இது அளக்கிறது, அந்த அணு வாழ்வது சுமார் 120 நாள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எண் கூடுதலாகத் தெரியலாம். ஹீமோகுளோபின் வரியையும் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.