கேம்ப்ல குதிரை தண்ணி குடிக்கலன்னா, நான் செஞ்சது

சம்மர் ரைடிங் கேம்புக்கு என் குதிரையவே கூட்டிட்டுப் போனேன், இறங்குனதுல இருந்து தண்ணியத் தொடவே இல்ல, வாளிய மோந்து பாத்துட்டு மேலுதட்ட சுருட்டிக்கிட்டு திரும்பிக்கிறா. புது இடத்துத் தண்ணியோட ருசி பிடிக்கலன்னா நெறைய குதிரைங்க இப்படித்தான், ஆனா வெயில்ல நாளைக்கு 40 லிட்டருக்கு மேல கூட குடிக்கிற உடம்பு அது, விட்டா குடல்ல தீவனம் இறுகி வயித்துவலி வந்துரும், உயிருக்கே ஆபத்து. உடம்புல தண்ணி வத்திருக்கான்னு பாக்க அவ ஈறை அமுக்கிப் பாத்தேன், வெளுத்த இடம் 2 செகண்ட்ல திரும்ப ரோஸாயிடுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. காய்ஞ்ச புல்ல ஊற வச்சுப் போட்டேன், ஒரு வாளில கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து, பக்கத்துலயே வெறும் தண்ணியும் வச்சேன். சாயங்காலம் மடக்கு மடக்குன்னு உறிஞ்சுனா பாருங்க, அப்பதான் எனக்கே சோறு இறங்குச்சு. ஜூஸ அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிட்டேன். இப்பல்லாம் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீட்லயே அந்த ஜூஸ் ருசிக்குப் பழக்கிடுறேன்.